வாத்துக்கு என்று சொன்னேன்

ஏழாவது நத்தையைப் பைக்குள் போட்டபோது வரப்பில் யாரோ நிற்பது தெரிந்தது.

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் தெரியும்.

அதற்காகத்தான் எங்கள் ஊர்க் கண்மாயை விட்டுவிட்டு, இரண்டு பாண்டியன் பஸ் மாறி, வண்டியூர் கண்மாய்க்குக் கீழே இந்த வயலுக்கு வந்திருந்தேன். இங்கே நான் யாருக்கும் பெரியப்பா இல்லை. என்னைக் கண்டு யாரும் பீடியை மறைக்கப்போவதில்லை.

என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் நத்தை ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை ஏறியது. அந்தச் சட்டியை நான்தான் தெருவில் போட்டு உடைத்தேன். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் உடைத்தேன்.

பேரன் கக்குவானில் இருமியபோது நத்தைச் சாறு கொடுக்கச் சொன்ன வைத்தியரையும் வாசலோடு அனுப்பிவைத்தேன்.

நாளை மதியம் மகன்கள் வில்லாபுரத்திலிருந்து வருவார்கள். அதற்குள் சமைத்து முடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, ஓடுகளைப் புதைத்துவிட வேண்டும். தெரிந்தாலும் அவர்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் தாங்காது.

“என்னய்யா பொறுக்குறீக?”

களை எடுக்க வந்தவள். இடுப்பில் ஓலைப்பெட்டி. அதிலும் நத்தைதான்.

“வாத்துக்கு” என்றேன்.

அவள் குனிந்து என் மஞ்சள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“வாத்து சுண்டைக்காத் தண்டி இருக்கிறதத்தான்யா முழுங்கும். நீங்க எலுமிச்சங்காத் தண்டியாப் பாத்துல்ல எடுத்திருக்கீக?”

இந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. அந்த இடத்தை விட்டு நடந்துவிடலாம் என்றால் கால் முழங்கால்வரை சேற்றில் இருந்தது.

“எத்தன வாத்து?”

“ஒண்ணு.”

“ஒத்த வாத்துக்கு இம்புட்டா? வாத்துக்கு மூலம் கீலம் வந்திருச்சோ?”

வயலின் மறுகோடியில் குனிந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எழுபத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து எவரும் இப்படிச் சிரித்ததில்லை. நிமிர்ந்து நின்றேன். வேட்டி நுனியிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

“வெக்கப்படாதீகய்யா. மூலத்துக்கு நத்தக் கறி நல்லதுதான். போன வாரம் ஒரு வாத்தியாரு வந்தாரு. கோழிக்குன்னாரு. மூணே நாள்ல மறுபடியும் வந்து நின்னாரு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆக்கிப்போட வீட்டுல ஆளு இருக்கா?”

“நான்தான்.”

“அப்பக் கேட்டுக்கங்க. ராவெல்லாம் தண்ணியில போட்டு வைங்க, சேத்தக் கக்கிரும். வெந்நியில ஒரு கொதி. ஊக்கால குத்தி இழுத்தாக் கறி வந்துரும். சாம்பலப் போட்டுப் பெசஞ்சு, வழவழப்புப் போற மட்டும் அலசணும். பெறகு மசாலாவோட வேக விட்டு, எறக்கையில உப்புப் பாத்து எறக்குங்க. அம்புட்டுத்தான்.”

ஒவ்வொன்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் அப்படியே விட முடியவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

“உப்புப் பாக்கக் கூடாது” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“படையலுக்கா?”

தலையசைத்தேன்.

“வீட்டம்மாவுக்கா?”

“நாளையோட வருசம்.”

அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். தன் பெட்டியை வரப்பில் இறக்கிவைத்து, அதிலிருந்து பெரிதாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றாக என் பைக்குள் போட்டாள். மறுகோடியிலிருந்து யாரோ, “என்னக்கா, வாத்து என்ன சொல்லுது?” என்று கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

“அவுகளுக்கு எப்பிடிய்யா பிடிக்கும்? புளி கரைச்சு ஊத்தியா, மெளகு அரைச்சு வச்சா?”

நாற்பத்தொரு வருடம் சீனியம்மாள் எனக்குச் சோறு போட்டாள். எனக்கு எதில் புளி தூக்கலாக இருக்க வேண்டும், எதில் மிளகு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. அவள் ஆசைப்பட்டு ஏற்றிய ஒரே சட்டியையும் திறந்து பார்க்காமல் உடைத்தவன் நான். அதை ஓர் அன்னியப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை.

“ரெண்டு விதமாவும் வைக்கிறேன்” என்றேன்.