உப்புக் குறைந்த சாஸ்

"அவிச்ச கோழியும் காய்ஞ்ச ரொட்டியும். இதை மனுஷன் தின்பானா?"

தம்பியின் தட்டைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிறுநீரகம் கெட்டுப்போனா நாக்கையும் அறுத்துப் போடணும்னு எந்த டாக்டர் சொன்னார் உன் பொண்டாட்டிக்கு?"

தம்பி சிரித்தான். "இப்பப் பரவாயில்லைக்கா. போன வாரம் நீ வாங்கிட்டு வந்த சாஸ் இருக்குல்ல, அதை ஊத்திக்கிட்டா ரெண்டு வாய் இறங்குது. இல்லேன்னா நாக்கு செத்தே போயிருக்கும்."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அதுவரை அந்த வீட்டு மேசையில் தக்காளி சாஸ் கிடையாது, சோயா சாஸ் கிடையாது, உப்பு டப்பாகூடக் கிடையாது. எல்லாவற்றையும் தம்பி பொண்டாட்டி தூக்கி எறிந்திருந்தாள். கடைக்குப் போனால் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பாள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவாள். சரியான கஞ்சம். அக்கா அப்படியா? 'உப்பு குறைவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, எடுத்தாள், வந்தாள். மனசு இருந்தால் போதாதா, இதற்கெல்லாம் படிப்பா வேண்டும்?

"இரு, நான் எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தம்பி பொண்டாட்டி அதே பாட்டிலில் புனலை வைத்து, வாணலியிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். பூண்டு, மிளகு, வினிகர் வாசனை.

"அடிப்பாவி, நான் ஆசையா வாங்கிக் கொடுத்தது எங்கே?"

"அன்னைக்கே கொட்டிட்டேன் அண்ணி."

"என் கை பட்டது உனக்கு அவ்வளவு கசக்குதா?"

அவள் பாட்டிலின் பின்பக்கத்தைக் காட்டினாள். "உப்பைக் குறைச்சிட்டு அதுக்குப் பதிலா பொட்டாசியம் சேர்த்திருக்காங்க. மத்தவங்களை ஒண்ணும் செய்யாது. இவர் உடம்பு அதை வெளியே தள்ளாது. ரத்தத்துல ஏறினா இதயமே நின்னுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அக்கா குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"நீயே செஞ்சதுன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் செஞ்சதுன்னா பத்தியம்னு தள்ளி வச்சிடுவார். அக்கா வாங்கினதுன்னாதான் தொடுவார். யார் பேர்ல இருந்தா என்ன அண்ணி, சாப்பிட்டாச் சரி."

அக்காவுக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பி தாராளமாக ஊற்றிக்கொண்டு ஒரு வாய் மென்றான். கண் கலங்கிவிட்டது.

"இந்த வீட்டுல என்மேல அக்கறை உள்ள ஒரே ஆள் நீதான்க்கா."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பின்னே? பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும்டா. அதான் அது இல்லாததாத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். உன் பொண்டாட்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகுது?"