பச்சை நாற்காலி

அந்த ஃபர்னிச்சர் கடையின் மூலையில் கிடந்த பச்சை நாற்காலியை ஒரு வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் அதன்மேல் ஆசை வந்ததில்லை.

நேற்று கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அதில் சாய்ந்து, கண்ணை மூடி, "அடடா, இதைத்தானே ஊரெல்லாம் தேடினேன்!" என்றார்.

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"மேடம், ரொம்ப நாளா நான் கண்ணு வெச்சிருக்கிற நாற்காலி இது."

"அதுக்கென்ன சார்? வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு நான் எடுத்துக்கறேன்."

அவர் போனை எடுப்பதற்குள் ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உட்கார இடமில்லாமலா நிக்கிறோம்?" என்றாள் மனைவி.

"போட்டி போட்டு வாங்கினதுடி!"

இன்று காலை கடை முதலாளி கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் அதே பெண்மணி.

"நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தாங்க. முதல் நாளே அந்தப் பச்சை நாற்காலியை வித்துக் காட்டிட்டாங்க. நீங்களும் ஒரு வருஷமா என்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு கஸ்டமர் மாதிரி அதுல உட்கார்ந்து ஆஹா ஓஹோன்னு நடிச்சீங்க. ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்த்துச்சா?"

தலையைச் சொறிந்தேன்.

"இனிமே நடிக்க அவங்க போதும். நீங்க நிஜ கஸ்டமராவே வாங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருது."