சத்தமில்லாத கல்யாண வீடியோ

"வெளியில நிக்கிற கழுதைக்குக்கூடச் சத்தம் வருது. என்ர மனுசனுக்கு மட்டும் வருகுதில்லை! என்ன பிள்ளை வேலை இது?"

தாழ்வுபாட்டுக் கிராமத்திலிருந்து வந்திருந்த மாமியார் பென்ட்ரைவை மேசையில் டொக்கென்று வைத்தார். அவருக்குப் பின்னால் மருமகள் அன்ரோனெற், கைப்பையின் வாரை முறுக்கியபடி நின்றாள்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமினிகேஷன் கடை அது. போட்டோகொப்பி எடுக்க வந்த நாலு பேரும் திரும்பி, கணினிக்கு முன்னால் இருந்த இர்ஷானாவைப் பார்த்தார்கள்.

"முதல் தந்ததை ரீவி திறக்கவே மாட்டனெண்டுது. ரெண்டாவதில படம் மட்டும் ஓடிச்சுது. நேற்று எல்லாம் சரியெண்டு இவளிட்டக் குடுத்துவிட்டீர். இப்பவும் ஊமைப்படம்!"

"அன்ரி, முதல்ல இருந்தது பழைய போர்மற். ரெண்டாந்தரம் படம் மாறிட்டுது, சத்தம் மட்டும் ரீவிக்குத் தெரியாத வகையில இருந்தது. நேற்று அதையும் மாத்தி..."

"எனக்கு அதெல்லாம் விளங்காது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை இவையின்ர இருபத்தைஞ்சாவது கலியாண நாள். பூசை முடிய பேசாலை ஊர்ச் சனமெல்லாம் வீட்டுக்கு வரும். கனடாவில இருந்தும் வந்து நிக்கினம். என்ர மனுசன் கலியாணத்தில பேசின பேச்சு இதில மட்டுந்தான் இருக்கு. அவற்ற குரலை நான் கேட்டுப் பன்ரெண்டு வருசம்."

கடைசி வரியில் மாமியாரின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறியது.

"நாளைக்குள்ள செய்து தாரும். இல்லாட்டி ஏலாதெண்டு சொல்லும்!"

அவர்கள் போனதும் கடைக்காரன் ஸாஜித் தன் தங்கை இர்ஷானாவைப் பார்த்தான்.

"நேற்று நம்மட ரீவியில போட்டுப் பாத்தனீ தானே?"

"ஓம் நானா. சத்தம் வந்தது."

"அப்ப அது எங்க போனது? கடலுக்கோ?"

இர்ஷானா கணினிக்குத் திரும்பினாள். பென்ட்ரைவைச் செருகினாள். சத்தம் இல்லைதான். ஆனால் படத்தின் மூலையில் குட்டியாக ஒரு சின்னம். ஏதோ ஒரு போன் ஆப்பினுடையது. அவளுடைய கணினியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அவளிடம் இருந்த பிரதியைத் திறந்து, ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு தொடக்கத்திலிருந்து கேட்டாள். வீட்டில் இருந்த பழைய கசெற் முழுக்கப் பாட்டுத்தான், அதுவும் பூஞ்சணம் பிடித்துப்போயிற்று என்று அன்ரோனெற் முன்பே சொல்லியிருந்தாள். இந்தப் பிரதி, வீடியோக்காரரின் அலுமாரியில் கிடந்த மூலப் பதிவிலிருந்து எடுத்தது. மேலே பாட்டுச் சேர்க்காதது. அன்றைக்குக் கமரா கேட்டதெல்லாம் அப்படியே இருந்தது.

பதினேழாவது நிமிடத்தில் கேக் வெட்டினார்கள். படத்தில் மணமகள் அன்ரோனெற் மட்டும். கமராவுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"காஞ்ச பாரைக் கருவாடு மாதிரி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறான். வீடில்லை, வளவில்லை. பாரன், ஒரு வருசத்துக்குள்ள இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிறனோ இல்லையோ எண்டு."

அந்தக் குரலை இர்ஷானாவுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் முன்னர்தானே திட்டிவிட்டுப் போனது!

படத்தில் கேக் வெட்டிய கை ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டியது.

இர்ஷானாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் சொன்னது வெளியில் வரக்கூடாதென்று சத்தத்தை அழித்ததும் மாமியார். அந்தப் பழியைக் கொண்டுவந்து இங்கே இறக்கியதும் மாமியார். நல்ல மனுசி!

மறுநாள் காலையில் அன்ரோனெற் தனியாக வந்தாள்.

இர்ஷானா யாரிடமும் அதிகம் பேசாதவள். அன்றைக்கு மட்டும் பேசினாள். ஹெட்செற்றை நீட்டினாள்.

"அன்ரி, கோவிக்காதீங்கோ. என்ர வேலையில பிழையில்லை. சத்தத்தை அழிச்சது உங்கட மாமி. ஏனெண்டு நீங்களே கேட்டுப் பாருங்கோ."

அன்ரோனெற் ஹெட்செற்றைத் தொடவில்லை. வாசலில் நின்ற கழுதையைப் பார்த்தாள்.

"அவ எங்க அழிக்கிறது? அவவுக்குப் போனில கோல் வந்தா அமத்திக் குடுக்கிறதே நான்தான்."

"அப்ப?"

"நான்தான் பிள்ளை. மகளின்ர போனில, அந்த ஒரு இடத்தை மட்டும் எடுக்கப் பாத்தன். மாமாவின்ர பேச்சோட எல்லாச் சத்தமும் போயிட்டுது. வெக்கத்தில உமக்குச் சொல்லேல்லை. பேச்சு வாங்கினது நீர். மன்னிச்சுக்கொள்ளும்."

இர்ஷானா நீட்டிய ஹெட்செற்றை மேசையில் வைத்தாள்.

"அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பாட்டுப் போட்டுவிடுவீரோ? முந்தின கசெற்றில இருந்த மாதிரி."

ஐந்து நிமிட வேலைதான். இர்ஷானா பாட்டைப் போட்டாள். கடை ரீவியில் ஓடவிட்டாள். பதினேழாவது நிமிடத்தில் நாதஸ்வரம் வந்தது. கொஞ்சம் தள்ளி, மாமனாரின் கரகரத்த குரலும் தெளிவாக வந்தது.

பென்ட்ரைவைக் கொடுக்கும்போது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்களை எவ்வளவு கேவலமாச் சொல்லியிருக்கிறா. சனத்துக்கு முன்னால ஒருக்கா அவவும் கேட்டா என்ன அன்ரி?"

அன்ரோனெற் பென்ட்ரைவைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"நான் அதை அண்டைக்கே, கேக் வெட்டேக்க கேட்டிட்டன் பிள்ளை. சொன்னது அவவுக்குத்தான் இப்ப ஞாபகமில்லை. இந்த வயசில கேட்டா, மனுசி தாங்காது."