கண்ணாடியில் மணல் சத்தம்

அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த போன் அலறியது. கரிகாலன் அகப்பையைப் போட்டுவிட்டு எடுத்தார்.

"அண்ணை, இப்பவே வெளிக்கிடுங்கோ."

திரையில் 'மெத்தேயோ பிள்ளை' என்று இருந்தது. பிரெஞ்சில் மெத்தேயோ என்றால் வானிலை; அந்த நிலையத்தில் வேலை செய்கிறவள். இன்றைய கலியாணச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த மாப்பிள்ளையின் தமையன்தான் இந்த எண்ணைக் கொடுத்தார், பாதை எப்படி என்று விசாரித்துக்கொள்ள. கரிகாலன் அவளை நேரில் கண்டதில்லை.

வெளியே லா சப்பல் தெருவில் பனி பஞ்சு பஞ்சாக விழுந்துகொண்டிருந்தது. மண்டபம் நகருக்கு வெளியே, எபினேயில். முந்நூறு பேர். பாயாசம் இன்னும் கொதிக்கவில்லை. வடை மா அரைபட்டுக்கொண்டிருந்தது.

"இருபது வருசமா இந்தப் பனிக்குள்ளதான் ஓடுறன், பிள்ளை."

"பனியில வண்டி போகும் அண்ணை. மேல சூட்டுக் காத்து வருது, கொஞ்ச நேரத்தில பனியை மழையாக்கிப்போடும். நிலம் உறைஞ்சு கிடக்கு. மழை பட்ட இடமெல்லாம் ஐஸ்தான். பிறகு ஒருத்தராலயும் அசையேலாது."

காலைச் செய்தியில் 'பனியும் மழையும் கலந்து' என்று பொதுவாகத்தான் சொன்னார்கள். இவள் மேகத்துக்குள் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரிப் பேசினாள்.

போன மாதம் ஒரு வீட்டு விசேஷத்துக்குச் சோறு பிந்திப் போனதை லா சப்பல் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. இன்னொரு தடவை பிந்தினால் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

"எல்லாத்தையும் ஏத்துங்கடா!"

பாயாசம் அரைவேக்காட்டில் ஏறியது. மா வாளியோடு ஏறியது. வடையை அங்கேயே சுடலாம்.

வண்டியோட்டும் தனோஜனுக்குச் சிரிப்பு. "பாயாசத்துக்கும் பெல்ட் போடட்டே, அண்ணை?"

வழியெல்லாம் அவள் போனில் இருந்தாள். மேம்பாலத்தில் ஏறவேண்டாம் என்றாள்; அடியில் மண் இல்லாததால் முதலில் உறைவது அதுதானாம். சென்-தெனி தெருக்களுக்குள்ளால் போகச் சொன்னாள்.

"முதல்ல பனி ஐஸ் மணியா விழும், வண்டிக் கண்ணாடியில மணல் எறிஞ்ச மாதிரிச் சத்தம் கேக்கும். கேட்டால் மழைக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு."

எபினேக்குள் நுழையும்போது சரசரவென்று அந்தச் சத்தம் கேட்டது.

தனோஜனின் சிரிப்பு நின்றது.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரையும் நேரத்தோடே வரச் சொல்லிவிட்டார்களாம். கடைசிக் கிடாரம் சமையலறைக்குள் இறங்கவும் மணல் சத்தம் ஓயவும் சரியாக இருந்தது.

பிறகு மழை. சத்தமே இல்லாத மழை. தெரு கறுத்துப் பளபளத்தது. எதிரே ஒரு கார், பிரேக் பிடித்தபடியே, அவசரமில்லாமல் வழுக்கிப் போய் மதிலில் சாய்ந்தது.

கரிகாலனுக்கு வானம் அவள் பேச்சைக் கேட்டு நடந்ததுபோல இருந்தது.

போனைக் காதில் வைத்தார்.

"பிள்ளை, எங்க நிக்கிறீர்? உமக்கு முதல் பந்தியில இலை போட்டு நானே பரிமாறவேணும்."

வளையல்கள் உரசும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு பெண்ணின் அதட்டல். அது போனுக்குள்ளும் கேட்டது, சமையலறைக்குப் பக்கத்து அறையிலிருந்தும் கேட்டது.

"மணப்பொம்பிளையின்ர கையில இருந்து அந்தப் போனைப் பறியுங்கோடி! ஐயர் மூண்டாந்தரமும் கூப்பிட்டிட்டார்!"