இனம்: மற்றவை

வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவொன்றில் ஆலாப் பறவைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்று பதிவதுதான் வாகீசனின் வேலை. பதிந்த நொடியிலிருந்து குஞ்சு பறக்கும்வரை, கூட்டைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் வெளியாள் கால் வைக்கக்கூடாது. போன கோடையில் ஒரு ஆலா விமான ஓடுபாதையில் முட்டையிட்டது. ஆறு வாரம் விமானமே இறங்கவில்லை.

மனிதர்களுக்கோ அங்கே பிள்ளை பெறவே அனுமதி இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி நிரோஜாவை வெள்ளிக்கிழமைக் கப்பலில் தனியாக அனுப்பிவிடும்படி நிலைய அதிகாரி இங்வில்டிடமிருந்து உத்தரவு வந்தது.

“இஞ்சாருங்கோ, அந்தப் படிவத்தை எடுங்கோ,” என்றாள் நிரோஜா.

“எந்தப் படிவம்?”

“கூட்டுப் படிவம்தான்.”

வேலை போனாலும் போகும் என்று வாகீசனுக்குத் தெரியும். ஆனாலும் நிரப்பினான். இனம்: மற்றவை. முட்டை: ஒன்று. கூடு எதனால் ஆனது என்ற இடத்தில், ‘ஒரு பழைய சோபா, இரண்டு கம்பளி’ என்று எழுதினான். பதிவேட்டு எந்திரம் நான்கு விநாடியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்ததும் நிரோஜாவை ஏற்றிவிட வந்த இங்வில்ட், அவர்கள் வீட்டிலிருந்து ஐந்நூறாவது மீட்டரில் நின்றுவிட்டாள். அதைத் தாண்டினால் அவள்மீதுதான் வழக்கு. வேறு வழியில்லாமல் ரேடியோவில் கூப்பிட்டாள்.

“உங்கள் குஞ்சு எப்போது பறக்கும்?”

நிரோஜாதான் ரேடியோவை எடுத்தாள்.

“சரியாச் சொல்லேலாது. எங்கட ஆக்களில சிலதுகள் கலியாணம் முடிச்சாப் பிறகும் பறக்கிறேல்லை.”

கப்பல் நிரோஜாவை ஏற்றாமலே திரும்பிப் போனது.