குடும்ப வண்டி

புஷ்பா முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்ததும் கஜபதிக்கு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் அவருக்கு ஒரு நிம்மதி வரும். இன்றைக்கு வரவில்லை.

"பெத்த பொண்ணாட்டம் பாத்துக்கினோங்க இந்த வண்டிய," என்று புஷ்பா ஃபியட்டின் பானெட்டைத் தடவினாள். வாங்க வந்திருந்த வீரராகவன், ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர், சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்.

அந்தப் பொண்ணு கஜபதியின் அம்பத்தூர் ஷெட்டிலிருந்து நேற்று சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தது.

புரோக்கர் ஷெட்டில் நிற்கிற வண்டியை ஜனங்கள் திருட்டு நகையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அதையே ஒரு வீட்டுப் போர்டிகோவில் நிறுத்தி, வாசலில் கோலம் போட்டு, பக்கத்தில் கண் கலங்க ஓர் அம்மாவையும் நிறுத்தினால் அது குடும்ப வண்டி. கஜபதி சொந்தமாகக் கண்டுபிடித்த தொழில் ரகசியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓட்டையை அடைக்கிற பட்டியும் பெயிண்ட்டும்.

பருத்திப்பட்டில் புஷ்பாவின் வீட்டுக்குப் போர்டிகோ இருந்தது. என்றாவது கார் வாங்குவேன் என்று அவள் புருஷன் கட்டியது. கார் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் கஜபதி முதன்முதலில் கதவைத் தட்டினார்.

அதிலிருந்து வண்டி விற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பனியன், வேட்டியோடு அங்கே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். வீட்டுக்காரர். ஆர்.சி. புக்கில் வேறு பேர் இருந்தால், மச்சான் பேர் என்பார். அப்படி அவருக்கு ஊரெல்லாம் மச்சான்கள். அவர் கட்டிக்கொள்ள மட்டும் ஒரு மச்சானுக்கும் தங்கை இல்லை.

தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் ஆளை வரச் சொல்வார். ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புஷ்பா, கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். அதுவரை "இன்னா புரோக்கரே" என்று கூப்பிட்டவள், அதற்கப்புறம் "இன்னாங்க" என்பாள்.

விற்ற வண்டி ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்ததும் பொட்டு கண்ணாடிக்குத் திரும்பிவிடும்.

கஜபதியும் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறைக்குத் திரும்பிவிடுவார். அங்கே அவரை "இன்னாங்க" என்று கூப்பிட ஒரு பல்லிகூடக் கிடையாது.

இன்று காலையில் பொட்டை ஒட்டிக்கொண்டே புஷ்பா சொன்னாள். மகள் ஓசூருக்கே வந்துவிடச் சொல்கிறாளாம். வீட்டுக்குக் குடித்தனக்காரர்கள் கிடைத்துவிட்டார்களாம். ஒத்துக்கொண்ட வண்டியைப் பாதியில் விட மனசில்லையாம். இது மட்டும் போய்விட்டால் கிளம்ப வேண்டியதுதானாம்.

கஜபதி "சந்தோஷம்" என்றார்.

வேறென்ன சொல்வது? அவருக்கு விற்கத்தான் தெரியும். கேட்கத் தெரியாது.

வீரராகவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். கிளம்பாதே, கிளம்பாதே என்று கஜபதி வேண்டிக்கொண்டார். அவர் கை பட்ட வண்டி வழக்கமாக ஒரு மாதம் கழித்துக் காலை வாரும். இன்றைக்காவது கொஞ்சம் முந்திக்கொள்ளக் கூடாதா?

ஒரே திருகில் கிளம்பியது. பாழாய்ப்போன கைராசி.

அப்போதுதான் கஜபதி தொழிலுக்கு வந்த நாளாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். உண்மையைச் சொன்னார்.

"சார், டிக்கிக்கு அடில முழுக்க துரு. மேல பட்டி வச்சி பெயிண்ட் அட்ச்சிகீது. கியர்பாக்ஸ் சத்தம் கேக்கக்கூடாதுன்னு உள்ள மரத்தூள் போட்டுகீது. மழை வந்தா காலாண்ட தண்ணி நிக்கும். வேணாம் சார், உட்டுடுங்க."

புஷ்பா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

வீரராகவன் என்ஜினை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். கஜபதிக்கு மூச்சு வந்தது. அடுத்த ஞாயிறு கைக்கு வந்துவிட்டது.

நேராக வந்த வீரராகவன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பூந்தமல்லி, அம்பத்தூர்னு எத்தனையோ இடம் ஏறி இறங்கிட்டேங்க. அத்தனையும் புரோக்கர் பயலுக, வாயைத் திறந்தா பொய். நீங்க என்னடான்னா, விக்க மனசில்லாம வண்டிய நீங்களே குறை சொல்றீங்க. அந்தம்மா அழுறாங்க. இப்படி ஒரு குடும்பத்துக்கிட்ட வாங்காம வேற யாருகிட்ட வாங்குறது? துருவோ மரத்தூளோ, நான் பாத்துக்கிறேன். வண்டி எனக்குத்தான்."

இத்தனை வருஷம் வாய் கிழியப் பொய் சொல்லியும் இவ்வளவு சீக்கிரம் ஒரு வண்டியைக் கஜபதி விற்றதில்லை.

புஷ்பா உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வந்து முன்சக்கரத்தின் அடியில் வைத்தாள். வண்டி அதன்மேல் ஏறி இறங்கித் தெருவுக்குப் போனது. ஏரிக்கரைத் திருப்பத்தில் மறைந்தது.

போர்டிகோவில் ஒரு சொட்டு ஆயிலும், நசுங்கிய பழமும் மிச்சம்.

கஜபதி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். போகிற போக்கில் ஒரு ஜோக் அடித்துவிட்டுப் போகலாம் என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

புஷ்பா போர்டிகோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொட்டு நெற்றியிலேயே இருந்தது.

மறந்துவிட்டாள் போல. கஜபதி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"யம்மா, அந்த ஆளு பூட்டாரு."

"தெரியுதுங்க," என்றாள் புஷ்பா.