நல்ல கைக்கு ஒரு பூட்டு

"மறுபடியும் கழட்டிட்டியா அக்கா?"

பூட்டுக்கடைக்காரர் செருப்பைக்கூட விடவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். மகளின் வலது கையில் இருக்க வேண்டிய உறை, சோபாவின் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது. மகளோ அதே வலது கையால் ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கழட்டினேன். இப்ப என்னங்கறே?" துணி மடித்துக்கொண்டே கேட்டாள் அக்கா.

இப்ப என்னவா? குழந்தைக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் சரி, வாய் இரண்டு ஊருக்குக் காணும். இடது கைதான் வராது. அதன் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எல்லா வேலையையும் வலது கையே இழுத்துப் போட்டுச் செய்ய, இடது கை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது.

அதற்கு தெரபிஸ்ட் சொன்ன வழிதான் இந்த உறை. சாயங்காலம் கொஞ்ச நேரம் நல்ல கையை மூடி வைத்தால், வேறு வழியில்லாமல் இடது கை வேலை பழகும். "இந்த வயசுல விட்டுட்டா அப்புறம் பழக்கறது ரொம்பக் கஷ்டம் சார்" என்றும் சொல்லியிருந்தாள். அன்றைக்குப் போனதுதான் அவருடைய தூக்கம்.

சாயங்காலம் அவர் கடையில், மனைவி ஆபீஸில். குழந்தை அக்கா பொறுப்பில். அக்காவுக்கு இளகிய மனசு என்று சொந்தபந்தம் முழுக்கப் பேர்.

"பாவம் பாவம்னே அவ கையைக் கெடுத்துடப் போறே."

"அதை விடு தம்பி. ஊருக்கே பூட்டு விக்கறவன், சொந்த வீட்டு உறைக்கு இப்படி ஒட்டற பட்டை வெச்சிருக்கியே. இழுத்த இழுப்புக்கு வந்துடுது."

மனுஷனுக்கு ரோஷம் வராதா? மறுநாளே பட்டையைப் பிய்த்துவிட்டு, அழுத்தினால் மூடிக்கொள்கிற பட்டன் வைத்தார். சில நாள் உறை கையோடு இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். விட்ட மூச்சை இழுப்பதற்குள் உறை சோபாவுக்கு வந்துவிட்டது.

"நானேதான். இதெல்லாம் ஒரு பட்டனா?" என்றாள் அக்கா.

அதை எடுத்துவிட்டு, துளையில் நுழைத்து மாட்டுகிற பொத்தான் தைத்தார். விரலில் ஊசி குத்திக்கொண்டதுதான் மிச்சம். அதுவும் போயிற்று. கடைசியாக, பள்ளிக்கூடப் பையில் இருக்குமே, இரண்டு பக்கமும் விரலால் சேர்த்து நெருக்கினால்தான் விடுகிற பிளாஸ்டிக் கொக்கி, அதைக் கொண்டுவந்தார். கடைச் சரக்கிலேயே கொஞ்சம் முரடானது.

"இதைத் தொட்டே, அப்புறம் அக்கான்னு பார்க்க மாட்டேன்."

ஒரு வாரம் தாங்கியது. அடுத்து ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், கொக்கியும் உறையும் ஜோடியாக சோபாவில்.

"நாளைக்கு நீயும் ஆஸ்பத்திரிக்கு வா. தெரபிஸ்ட் முன்னாடியே பேசிடலாம். அப்படியே நம்ம சின்னத் தம்பி வீட்டுக்கு மூட்டையைக் கட்டிக்கோ. எனக்கு என் பொண்ணு கைதான் முக்கியம்."

மனைவியைப் பார்த்தார். "அக்கா தம்பி பஞ்சாயத்துக்கு நான் வரலைப்பா" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தெரபிஸ்ட்டின் அறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, அக்காவின் குற்றங்களை அடுக்கினார். நடுவில் மகளின் வலது கையில் உறையை மாட்டிக் கொக்கியையும் போட்டார்.

"பாருங்க மேடம், எவ்வளவு இறுக்கமா இருக்கு. பெரியவங்க கை படாம இது திறக்குமா? நீங்களே சொல்லுங்க. இவ இருக்காளே, இவளுக்குப் பாசம் கண்ணை மறைக்குது..."

டக்.

உறை மேஜைமேல் கிடந்தது.

சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அறை வாசலில், இரண்டு கையிலும் பையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"யாரு கழட்டினது?"

"அத்தைதான்" என்றாள் மகள், பழக்க தோஷத்தில்.

தெரபிஸ்ட் உறையை மறுபடி மாட்டினாள். "எங்கே, இன்னொரு தடவை."

குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். இடது கை நடுங்கி நடுங்கி வந்தது. மடங்கிக் கிடந்த கட்டைவிரல் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. கொக்கியில் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. அப்புறம் பக்கத்து விரலோடு சேர்ந்து நெருக்கியது.

டக்.

"பல்லால எப்பவாவது கடிச்சு இழுத்தியா?" என்று கேட்டாள் தெரபிஸ்ட்.

"ம்ஹூம். பல்லு வெச்சா ஆட்டம் செல்லாதுன்னு அத்தை சொல்லிட்டா."

"பட்டை, பட்டன், பொத்தான், கொக்கி. நான் படிப்படியா கொடுக்க நினைச்சிருந்ததை எல்லாம் வீட்டுலயே பண்ண வெச்சிருக்கீங்களே சார்" என்று சிரித்தாள் தெரபிஸ்ட்.

பூட்டுக்கடைக்காரர் அழுதுகொண்டிருந்தார். குட்டி நாற்காலியிலிருந்து எழவும் வரவில்லை.

"ஏன் அக்கா, அவதான் கழட்டறான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்."

"சொல்லியிருந்தா அந்த ஒட்டற பட்டையிலயே மனசு குளிர்ந்து போய் நின்னிருப்பே" என்றாள் அக்கா. "என்மேல இருந்த ஆத்திரத்துலதானே தம்பி, ஒண்ணைவிட ஒண்ணு கஷ்டமானதாத் தேடித் தேடிக் கொண்டுவந்தே?"